ஆனைஜாக்கிக்கு ஓர் இடம்

குலசேகரம் சந்தையைத் தாண்டிப் பேச்சிப்பாறைக்குப் போகிற ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்து மலைக்குள் ஏறும். அந்தப் பாதை போய் முடிகிற ரப்பர் எஸ்டேட்டில் டிஸ்பென்சரி நர்சாக இருந்தவள் ஜெபமணி. கருங்கல் பக்கத்துக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவள். அதே டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த செல்வதாஸைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். சில வருஷங்களிலேயே மலைக்காய்ச்சல் செல்வதாஸைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. கருங்கல்லிலிருந்து அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள்.

"வா பிள்ளே, வீட்டுக்குப் போவோம். இந்தக் காட்டுல உனக்கு என்ன இருக்கு?"

"எல்லா லயத்துலயும் வயித்துப்பிள்ளைக்காரிய இருக்காளுவ. அவளுவளை ஆரு பாப்பா?" என்று கேட்டாள் ஜெபமணி.

தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். லயங்கள் மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அண்ணன்மார் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஜெபமணி ஆள் ஒல்லி. காற்றடித்தால் பறந்துபோவாள் என்று ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுகாரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு கையில் குடையும் மறு கையில் தோல்பையுமாக மலையேறிப் போகிற அவள் நடைக்கு ஆண்பிள்ளைகள் ஓடித்தான் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். நோயாளியை இறக்கிக்கொண்டுவர வேண்டுமென்றால் போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, ஆள் மாற்றி ஆள் சுமப்பார்கள். அப்படிக் கொண்டுவந்த சிலர் பாதி வழியிலேயே இறந்து போனதும் உண்டு.

1950-இல் எஸ்டேட்டுக்கு ஜீப் வந்தது. உலகச் சண்டை முடிந்தபின் பட்டாளம் ஏலம் விட்ட வண்டி. மேலே வேறு சாயம் அடித்திருந்தாலும் கீறல் விழுந்த இடமெல்லாம் பட்டாளத்துப் பச்சை தெரியும். அமெரிக்க வண்டியாதலால் ஸ்டியரிங் இடப்பக்கம். மானேஜர் குமாரதாஸ், அதன் பின்பக்கத் தகரத்தை வெட்டிக் கீல் வைத்துக் கதவாக்கி, ஸ்டிரெச்சர் உள்ளே போகும்படி செய்திருந்தார். ஓட்ட வந்தவன் மரியஜான். கடியபட்டணம் கடற்கரையைச் சேர்ந்தவன். சண்டைக்காலத்தில் அஸ்ஸாம் மலைகளில் லாரி ஓட்டியவன். ஜெபமணியைவிடச் சில வயது இளையவன். வந்த நாளிலிருந்தே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

ஜீப்போடு வந்த சின்ன ஜாக்கி இந்த மலையின் சேற்றுக்குச் சரிப்படவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் பாதை முழுக்கச் செம்மண் குழம்பு. புதைந்த சக்கரத்தைத் தூக்க அந்த ஜாக்கியை வைத்தால், வண்டி மேலே வருவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். மரியஜான் மானேஜரிடம் முறையிட்டான். அவர் கொச்சித் துறைமுகத்து ஏலத்தில் பெரிய ஜாக்கி ஒன்று பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு ஆளின் நெஞ்சுயரம் இருந்தது அது. நெடுக ஓட்டை போட்ட தடித்த இரும்புச் சட்டம். அடியில் பட்டையான பாதம். சட்டத்தில் ஏறி இறங்கும் ஒரு மூக்கு. நீளமான கைப்பிடிக் கம்பியை ஏற்றி இறக்கினால் மூக்கு ஒவ்வொரு ஓட்டையாக மேலே போகும்; அதில் மாட்டியது எதுவானாலும் கூடவே போகும். பாதத்துக்கு அடியில் ஒரு அயனி மரப் பலகையைப் போட்டுவிட்டால் எந்தச் சேற்றிலும் நிற்கும். பால்வெட்டுகாரர்கள் அதற்கு ஆனைஜாக்கி என்று பெயர் வைத்தார்கள். அதன் கனம் அப்படி.

அதை எங்கே வைப்பது என்று ஆரம்பத்தில் யாரும் யோசிக்கவில்லை. ஸ்டிரெச்சருக்குக் கீழே படுக்கப் போட்டார்கள். ஒருநாள் மேல்லயத்திலிருந்து இறங்கும்போது, கொண்டையூசி வளைவில் மரியஜான் பிரேக்கை அழுத்த, ஜாக்கி வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து ஜெபமணியின் வலது காலில் மோதியது. இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. மருந்துப் பெட்டியும் உடைந்து ஜீப்புக்குள் ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைத்தது. ஜெபமணி பல்லைக் கடித்துக்கொண்டு தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டாள். மரியஜானுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, நான் பைய வந்திருக்கணும்."

"நீ பையத்தான் வந்தே. இந்தச் சாதனம் இருக்க வேண்டிய இடம் இது இல்லே, அவ்வளவுதான். வெளிய எங்கயாவது கட்டு" என்றாள்.

மானேஜர் குமாரதாஸ் முன்பக்க பம்பரைக் காட்டினார். அவர் சொன்னதிலும் காரணம் இருந்தது. முன்னால் இருந்தால் ஓட்டுகிறவன் கண்ணிலேயே இருக்கும், எவனும் கழற்றிக்கொண்டு போக முடியாது. ஏற்றத்தில் முன்சக்கரத்துக்குக் கனமும் கிடைக்கும். குலசேகரத்தில் பட்டறை வைத்திருந்த கோலப்பன் இரண்டு பெரிய போல்ட் போட்டு ஜாக்கியைப் பம்பர்மேல் படுக்கவைத்து முறுக்கினார். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. ஏற்றங்களில் ரேடியேட்டர் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது. மரியஜான் ஒரு டின்னில் தண்ணீர் வைத்துக்கொண்டு சமாளித்தான்.

அடுத்த வருஷத்து மழையில் அது நடந்தது.

மேல்லயத்தில் பால்வெட்டுகாரன் பொன்னுலிங்கத்தின் மனைவி முத்துக்கனிக்கு வலி கண்டு முழு இரவும் போய்விட்டது. தலைப்பிள்ளை. காலையில் ஜெபமணி வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும், கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று தீர்மானித்தாள். ஸ்டிரெச்சரில் படுக்கவைத்து, தான் பக்கத்தில் குந்திக்கொண்டாள். பொன்னுலிங்கம் முன்னால் ஏறினான்.

பாதையில் ஓர் ஓடை குறுக்கிடும். அதைக் கடக்கத் தண்ணீரின் மட்டத்திலேயே கல் பரவிய சப்பாத்து உண்டு. அன்று சப்பாத்தின் மேல் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் முழங்காலுக்கும் கீழேதான். மரியஜான் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விட்டான். ஆனால் அக்கரையை ஒட்டிக் கல் அடியோடு அரித்துப் போயிருந்தது தெரியவில்லை. இடது முன்சக்கரம் திடுமென்று கீழே போயிற்று. வண்டி மூக்குக் குத்தி நின்றது. பம்பர் தண்ணீருக்குள், அதன் மேலிருந்த ஜாக்கியும் தண்ணீருக்குள்.

மரியஜான் ஸ்பானரோடு தண்ணீரில் இறங்கினான். பம்பருக்கும் பாறைக்கும் இடையில் ஜாக்கி இறுகியிருந்தது. ஒரு போல்ட்டைத் தடவிக் கழற்றிவிட்டான். மற்றதன் தலை பாறையோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்பானர் உள்ளே போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் முங்கினான். விரல்கள் கிழிந்ததுதான் மிச்சம்.

"கிட்டுதா மரியஜானே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஜெபமணி.

"கைக்குக் கிட்டுது அக்கா, எடுக்கத்தான் ஒக்கல்ல!"

பொன்னுலிங்கம் ஆள் கூட்டிவர மலையேறி ஓடினான். அவன் வருவதற்குள் முத்துக்கனிக்கு நேரம் வந்துவிட்டது. சரிந்து நின்ற ஜீப்புக்குள், முன்சீட்டின் முதுகில் தன் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஜெபமணி அந்தப் பிரசவத்தைப் பார்த்தாள். மழை தார்ப்பாயில் அடித்துக்கொண்டிருந்தது. மரியஜான் தண்ணீரில் நின்றபடி வண்டி மேலும் சரியாமல் தோளால் தாங்கிக்கொண்டு, செபம் சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்தில் கொடி சுற்றிய பிள்ளை. ஜெபமணி கொடியை விலக்கி, காலைப் பிடித்துத் தூக்கி, முதுகில் தட்டினாள். சற்றுத் தாமதித்துத்தான் அழுகை வந்தது. பெண்பிள்ளை.

ஆனால் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. லயத்து ஆட்கள் வந்து சேரும்வரைக்கும், பிறகு ஸ்டிரெச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த வழி முழுவதும், ஜெபமணி முத்துக்கனியின் அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே கூட ஓடினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முத்துக்கனியின் உதடு சுண்ணாம்பு போல் இருந்தது. பிழைத்துக்கொண்டாள். எழுந்து நடமாடத்தான் வெகுநாள் ஆயிற்று.

மறுநாள் கயிறு கட்டி ஜீப்பை இழுத்தார்கள். மானேஜர் சப்பாத்துக்கு வந்து, வளைந்துபோன பம்பரையும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கியையும் பார்த்தார்.

"இது நமக்குத் தோணாம போச்சே" என்றார். "மரியஜான், கோலப்பனிட்ட கொண்டு போ. இடத்தை நீங்க ரெண்டுபேரும் முடிவு பண்ணுங்க."

"நானும் போறேன் சார்" என்றாள் ஜெபமணி.

பட்டறையில் கோலப்பன் ஒரு பெஞ்சைத் துண்டால் தட்டிப் போட்டார். நரைத்த மீசையும் உலைச்சூட்டில் சிவந்த கண்களுமாக இருப்பார், சுபாவம் சாது.

"நர்சம்மா, நீங்க இஞ்ச இரியுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

"இருக்கதுக்கு வரல்ல கோலப்பண்ணே. எங்க வச்சா எனக்கு எடுக்க ஒக்கும்னு பாக்க வந்தேன்."

மரியஜான் சிரித்துவிட்டான். "அக்கா, நீங்க எதுக்கு எடுக்கணும்? நான் இருக்கேம்லா."

"நீ இருந்தா நீ எடு. அண்ணைக்குத் தண்ணியில உனக்கு ஒண்ணு ஆயிருந்தா? பொன்னுலிங்கத்துக்கு இதை எப்படிப் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. அப்ப நாந்தானே எடுக்கணும்?"

மரியஜானின் சிரிப்பு அடங்கிவிட்டது. கோலப்பன் மீசையைத் தடவிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானட்டின்மேல் கையை வைத்தார்.

"இஞ்ச வச்சா ரோடு தெரியாது" என்றான் மரியஜான்.

"தோளுக்கு மேல இருந்து இறக்கவும் என்னால ஒக்காது" என்றாள் ஜெபமணி.

பின்கதவில் மாட்டலாமென்றால் ஸ்டிரெச்சரை ஏற்றும்போதெல்லாம் அத்தனை கனத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும், கீல் தாங்காது. கடைசியில் மரியஜான் இடப்பக்கத்தைச் சொன்னான். ஸ்டியரிங்குக்கு வெளியே, பட்டாளத்தார் மண்வெட்டியும் கோடாலியும் கட்டிவந்த கொக்கிகள் அப்படியே இருந்தன. உயரமும் இடுப்பளவுதான். ஜெபமணி ஒருதரம் எடுத்து, ஒருதரம் மாட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் முடிந்தது. சரி என்று கோலப்பன் அங்கேயே பட்டை அடித்துக் கொடுத்தார்.

அந்த இடத்துக்கு ஆயுசு சொற்பம். மலைப்பாதையில் வண்டிகளைவிட நடப்பவர்கள்தான் அதிகம். ஒருநாள் காலை ஜீப் மேலே ஏறிக்கொண்டிருந்தது. விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே இறங்கி வந்த பகவதியம்மாள் என்பவள், வழக்கம்போல மண்திட்டோடு ஒட்டி ஒதுங்கி நின்றாள். ஜீப் எப்போதும் போகிற அகலத்தில்தான் போயிற்று. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஜாக்கியின் பாதம் அவளுடைய முண்டின் ஓரத்தில் கொளுவி அவளை நாலடி இழுத்துப்போட்டது. விறகு சிதறியது. முட்டியில் சிராய்ப்பு. மரியஜான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினான்.

"ஏலே, ரோடு உனக்க அப்பன் வெட்டினதா? நாங்க நடக்க வேண்டாமா? வண்டிக்குக் கொம்பு வச்சுக்கிட்டு வாறான்!"

"பொறுத்துக்கிடணும் அம்மா. தெரியாம..."

"தெரியாம இழுத்தாலும் முட்டிதாம்லே போவும்!"

ஜெபமணி இறங்கி வந்து அவளுடைய முட்டியைக் கழுவி மருந்து போட்டாள். பகவதியம்மாள் திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டத் திட்ட ஜெபமணி தலையசைத்துக்கொண்டே இருந்தாள். விறகைக் கட்டிக் கொடுத்தபின் மரியஜானிடம் சொன்னாள்:

"அவ சொல்லது செரி மக்கா. இது நமக்கு மட்டும் உள்ள வழி இல்லே. வண்டிக்க அகலத்துக்கு வெளிய ஒண்ணும் நீட்டப்பிடாது."

மறுபடியும் பட்டறை. இந்தத் தடவை கோலப்பன் எதையும் தொடாமல் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"படுக்க வச்சுதானே பாத்தோம்? நிக்க வச்சா என்ன?" என்றார். "பின்னால, கதவுக்கு வெளிய, மூலையில. அடி பம்பர்ல நிக்கட்டும். மேல ஒரு வளையம். கதவும் திறக்கும், அகலமும் கூடாது."

மரியஜானுக்கு அது பிடித்துவிட்டது. "கொள்ளாம். பின்பக்கம் புதைஞ்சாலும் பாதம்தான் சேத்துல போவும். நெஞ்சளவு உள்ள சாதனம், தலை வெளியதான் நிக்கும்."

வலது மூலையில் ஸ்டெப்னி டயர் இருந்ததால், கோலப்பன் இடது மூலையில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டார். ஜெபமணி அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மரியஜானே, நம்ம வண்டி எந்தப் பக்கம் சரியும்?"

அவன் யோசித்தான். எதிரே லாரி வந்தால் இடப்பக்கம்தான் ஒதுங்குவான். மலையிறங்கும்போது திட்டோரத்துத் தண்ணீர்ச்சாலும் இடப்பக்கம்தான் வண்டியைப் பிடிக்கும். இதுவரை புதைந்ததெல்லாம் பெரும்பாலும் இடச்சக்கரங்கள். சப்பாத்தில் இறங்கியதும் அதுவே.

"இடத்தேதான் அக்கா."

"இடத்த பக்கம் சாலுக்குள்ள சரிஞ்சு திட்டுல சாஞ்சு நிண்ணா, அந்த மூலையில உள்ளதை எப்படி எடுப்பே?"

கோலப்பன் குறியைத் துண்டால் துடைத்தார். ஸ்டெப்னி இடது மூலைக்குப் போயிற்று. ஜாக்கிக்கு வலது மூலை கிடைத்தது. பாதம் உட்கார இரும்பில் ஒரு கிண்ணம் அடித்தார். முதலில் அடித்தது ஆழம் கூடிவிட்டது. ஜாக்கியை அதிலிருந்து உயர்த்தி எடுக்க ஜெபமணியால் முடியவில்லை. அவர் முகம் சுளிக்காமல் அதை அறுத்து, விளிம்பைக் குறைத்து, பின்பக்கம் வாய் திறந்து வைத்தார். மேலே நெஞ்சு உயரத்தில் பின்பக்கம் வாய் திறந்த ஒரு வளையமும், அந்த வாயில் குறுக்கே செருகிக்கொள்ளச் சங்கிலியில் தொங்கும் ஓர் ஆணியும். ஆடிச் சத்தம் போடாமலிருக்க ஆணியைச் சுற்றிப் பழைய டியூபை வெட்டிச் சுற்றினார்கள்.

"பூட்டு வேண்டாமா?" என்று கேட்டார் கோலப்பன். "களவு போனா மானேஜர் என்னைத்தான் கேப்பாரு."

"பூட்டு போட்டா சாவி ஒருத்தன்கிட்ட இருக்கும். அவன் அண்ணைக்கு வரமாட்டான்" என்றாள் ஜெபமணி. "களவு போனா நான் பதில் சொல்லுகேன்."

அவள் ஆணியை உருவினாள். ஜாக்கி மெதுவாகச் சாய்ந்து தோளில் வந்து விழுந்தது. ஒரு தம் பிடித்து நகர்த்தியதும் பாதம் கிண்ணத்தின் திறந்த வாய் வழியாக வெளியே வந்தது. அதைத் தோளில் சாய்த்தபடி பட்டறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில், கோயில் முடிந்து வந்தபிறகு, டிஸ்பென்சரி முற்றத்தில் மரியஜான் அவளுக்கு ஜாக்கி போடப் பழக்கினான். பலகை வைக்க, மூக்கை மாட்ட, சக்கரம் உருளாமல் கல் அண்டை கொடுக்க. லயத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. கைப்பிடியை விட்டுவிட்டால் அது துள்ளிக்கொண்டு மேலே வரும் என்பதை மட்டும் மரியஜான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் மானேஜர் வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டு, "நர்சம்மா, அடுத்து என்ன, இஞ்சினைப் பிரிக்கவா?" என்று கேட்டார். "அது மரியஜானுக்க பிரசவம் சார். எனக்கு இதுமட்டும் போதும்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜாக்கி அந்த மூலையிலேயே நின்றது. புதைந்தபோதெல்லாம் மரியஜான் எடுத்தான், வேலை முடிந்ததும் திருப்பி வைத்தான். ஜெபமணி எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று.

1954 ஐப்பசியில் ஒரு பிற்பகல். மலைக்குடிகளான காணிக்காரர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு அம்மை குத்திவிட்டு இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தூறல். எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. மரியஜான் இடப்பக்கம் ஒதுங்கினான். லாரி போய் வளைவில் மறைந்தது. ஜீப்பின் இடது பின்சக்கரம் மெல்ல வழுக்கிச் சாலுக்குள் இறங்கி, வண்டி மண்திட்டில் சாய்ந்துகொண்டது. இஞ்சினும் நின்றுவிட்டது. பாட்டரியில் உயிர் இல்லை.

"முதல்ல இஞ்சினை எழுப்புவோம்" என்று மரியஜான் முன்னால் போய் இஞ்சினைச் சுழற்றும் கிராங்க் கம்பியைச் செருகிச் சுற்றினான். இஞ்சின் பிடிப்பதுபோல் இருமிவிட்டு எதிர்ப்பக்கம் உதைத்தது. கம்பி திரும்பிச் சுழன்று அவன் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் ஜெபமணிக்கே கேட்டது.

அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கை கோணலாகத் தொங்கியது. பால்வெட்டு முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பிவிட்ட நேரம். பாதையில் ஓர் ஈ காக்கை இல்லை. ஜெபமணி பையை எடுத்தாள். வேலியிலிருந்து மூங்கில் பத்தைகள் உருவி, பஞ்சு வைத்து, கையை அசையாமல் கட்டி, கழுத்திலிருந்து துணித்தொட்டிலில் தொங்கவிட்டாள். பிறகு வண்டிக்குப் பின்னால் போனாள்.

இடது மூலை மண்திட்டுக்குள் அமுங்கியிருந்தது. ஸ்டெப்னியே பாதிதான் தெரிந்தது. வலது மூலை வெளியே நிமிர்ந்து நின்றது. ஆணியை உருவினாள். ஜாக்கி தோளுக்கு வந்தது.

"அக்கா, பலகை..." என்று எழப் பார்த்தான் மரியஜான்.

"எனக்குத் தெரியும். நீ மிண்டாம இரி."

முன்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தாள். இடது மூலையை மூடிய மண்ணை வழித்தெறிந்துவிட்டுப் பலகையைப் போட்டு, பம்பரின் இடது முனைக்கு அடியில் மூக்கை மாட்டினாள். கைப்பிடியை அழுத்தினாள். வண்டி அசையவில்லை. உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டாள். டக் என்று ஓர் ஓட்டை ஏறியது. மறுபடியும் டக்.

"முகத்தைத் தள்ளி வையுங்க அக்கா! கம்பி துள்ளினா தாடையைக் கொண்டுபோவும்!"

"வலிக்கலியாலே உனக்கு? இவ்வளவு பேசுதே?"

சக்கரம் சாலைவிட்டு எழும்ப எழும்ப அவள் கல்லாகப் பொறுக்கி அடியில் போட்டாள். ஏற்றுவாள், நிற்பாள், கல் போடுவாள், மறுபடி ஏற்றுவாள். மழைத்தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து கண்ணில் இறங்கின. கடைசியில் சக்கரம் கல்லின்மேல் உறுதியாக உட்கார்ந்தது. ஜாக்கியை இறக்கி, கழுவக்கூட நேரமில்லாமல் கிண்ணத்தில் நிறுத்தி ஆணியைச் செருகினாள். 

வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றது நல்லதாயிற்று. உருட்டிவிட்டே இஞ்சினை எழுப்பலாம். மரியஜான் ஸ்டியரிங்கில் ஏறினான். ஓட்ட இடது கை போதும், கால்களும் சுகம். ஆனால் கியர்த்தடி அவனுக்கு வலப்பக்கம் அல்லவா? ஜெபமணி அண்டைக்கல்லை எடுத்துவிட்டு வந்து, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லும்போ மேல தள்ளணும். ரெண்டாவது அதுதான்."

"சொல்லு."

மரியஜான் பிரேக்கை விட்டதும் ஜீப் உருளத் தொடங்கியது. "இப்பம்!" என்றான். அவள் தள்ளினாள். கியர் கரகரவென்று அலறியது. "இன்னும்!" இன்னும் தள்ளினாள். அவன் கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி, இஞ்சின் பிடித்துக்கொண்டது.

வழி முழுக்க அதே பாட்டுத்தான். "கீழ இழுங்க அக்கா." கரகர. "மேல, மேல!" வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மரியஜானுக்கு ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டாளத்துல எனக்க சுபேதார் இந்தச் சத்தம் கேட்டிருந்தா என்னைச் சுட்டிருப்பான்" என்றான். ஜெபமணியும் சிரித்தாள். லயத்தைக் கடக்கும்போது, சேறு அப்பிய சேலையோடு நர்சம்மா கியர் மாற்றிக்கொண்டு போவதைக் கண்டவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் எலும்பைக் கூட்டிக் கட்டுப் போட்டார்கள். இந்தக் கையோடு வண்டியை யார் ஓட்டி வந்தது என்று டாக்டர் கேட்டார். "ஸ்டியரிங் நான், கியர் அக்கா" என்றான் மரியஜான். டாக்டர் வாசலில் நின்ற ஜெபமணியைப் பார்த்தார். அவள் உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவற்றுக்கும் மருந்து போடச் சொன்னார்.

கை சரியாக வருவதற்குள் தை பிறந்துவிட்டது. அதுவரை வேறொரு டிரைவர் வந்தான். மானேஜர் அவனிடம் சாவியைக் கொடுக்குமுன், நர்சம்மாவோடு ஒருமுறை வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அடுத்து வந்த ஊர்க்கோயில் திருநாளுக்கு மரியஜான் ஜெபமணியைக் கடியபட்டணத்துக்கு அழைத்துப்போனான். அவள் கடற்கரைக்குப் போயே பல வருஷம் ஆகியிருந்தது. மரியஜானின் மனைவி சகாயசெல்வி அவளை உள்ளே அழைத்துப் பாய் விரித்து உட்காரவைத்து, அவித்த மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் குழம்பும் வைத்தாள். அண்டை வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"எக்கா, நெசமாட்டு நீங்க ஒத்தைக்கா வண்டியத் தூக்கினிய?" என்று கேட்டாள் சகாயசெல்வி.

"நான் எங்க தூக்கினேன்? ஜாக்கில்லா தூக்கிச்சு" என்றாள் ஜெபமணி. "கொஞ்சம் குழம்பு விடு மக்கா. எரிப்பு நல்லாருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். சகாயசெல்வி சட்டியையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் பெண்களெல்லாம் அவளைக் கடலோரத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஜெபமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால்வரை தண்ணீரில் இறங்கி, அலை திரும்பிப் போகும்போது காலடி மணல் கரைவதை வெகுநேரம் நின்று அனுபவித்தாள்.